பழைய காரின் மோசமான பெயிண்டைத் திருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பட்டறையிலிருந்து வந்த அன்று கண்ணாடிபோல் மின்னிய பெயிண்ட், ஒரு மழைக்காலம் கழிவதற்குள் கதவின் அடியோரத்தில் கொப்புளம் விடுவதையும், பானெட்டில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றுவதையும் பழைய கார் வைத்திருப்பவர்களில் பலர் பார்த்திருப்பார்கள். அப்போது அவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "இதன்மேல் இன்னொரு கோட் அடிக்க எவ்வளவு ஆகும்?" என்பதுதான். பெரிய இழப்புகள் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகின்றன. திருத்தும் செலவில் பெரும்பகுதி, முன்பு அடித்ததை அகற்றுவதற்கும் அதனடியில் மறைந்திருப்பதைச் சரிசெய்வதற்குமே போகிறது. புதுப் பெயிண்டுக்கான செலவு அதற்குப் பிறகுதான் வருகிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். தொகைகள் விளக்கத்துக்காக மட்டுமே. முறையான வேலைக்கு 2,00,000 ரூபாய் கேட்ட பட்டறையைத் தவிர்த்து, 80,000 ரூபாய்க்கு முடித்துத் தருவதாகச் சொன்ன இடத்தில் ஒருவர் தம் பத்மினி காரை விட்டார் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பெயிண்ட் கிளம்பிய பிறகு அவர் முதல் பட்டறைக்கே போனாலும், பழைய 2,00,000 ரூபாய்க்கு அந்த வேலை இப்போது முடியாது. புதிதாகச் சேர்ந்த பட்டியையும் (பள்ளங்களை நிரப்பும் பசை) பெயிண்டையும் சுரண்டும் கூலி, பெயிண்ட் படிந்து கெட்டுப்போன கண்ணாடி ரப்பர்களின் விலை, பட்டிக்கு அடியில் இதற்கிடையே வளர்ந்துவிட்ட துருவுக்கான டிங்கரிங் (தகட்டு வேலை) ஆகியவை அதன்மேல் சேரும். ஏற்கெனவே கொடுத்த 80,000 ரூபாயில் ஒரு ரூபாய் மதிப்புள்ள வேலைகூட அந்தக் காரில் மிஞ்சாது.

ஆகவே, குறை எந்த அடுக்கில் இருக்கிறது என்று பார்க்காமலே விலை பேசுவதுதான் முதல் தவறு. மேற்பரப்பில் மட்டும் இருக்கும் குறைகள் ஒரு வகை. ஆரஞ்சுத் தோல்போன்ற சொரசொரப்பு, ஒன்றிரண்டு இடங்களில் பெயிண்ட் வழிந்த தடம், ஒட்டிய தூசி ஆகியவை இதில் அடங்கும். இவற்றுக்காகக் காரை முழுவதும் சுரண்டச் சொல்வது வீண்செலவு. அடியிலுள்ள பூச்சு உறுதியாக இருந்தால், 1500, 2000, 3000 எண் வாட்டர் பேப்பர்களால் படிப்படியாகத் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்டும் பாலிஷும் போட்டே சில நாட்களில் சரிசெய்துவிடலாம். ஆனால் நிறத்தின்மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டின் தடிமன் பொதுவாக 40 முதல் 60 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்பதை மறந்துவிடக் கூடாது. பளபளப்பு போதவில்லை என்று அதில் பாதியைத் தேய்த்துவிட்டால், வெயிலைத் தாங்கும் வலு போய், ஓரிரு கோடைகளில் கிளியர் உரியத் தொடங்கும். மலிவாக முடிந்திருக்க வேண்டிய வேலை அதன்பின் பெரிய வேலையாகிவிடும்.

கொப்புளம், உரிதல், சுருக்கம், வெடிப்பு ஆகியவை வேறு வகை. இவை அடியிலுள்ள அடுக்கு பிடிப்பை இழந்துவிட்டதைக் காட்டுகின்றன. பிடிப்பில்லாத அடுக்கின்மேல் எவ்வளவு உயர்ந்த பெயிண்டை அடித்தாலும், அடியிலிருப்பது கிளம்பும்போது அதுவும் சேர்ந்தே கிளம்பும். இந்த நிலையில் "லேசாகத் தேய்த்துவிட்டு அடித்துத் தருகிறேன்" என்று சொல்லும் பட்டறையை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், நான் ஏற்கமாட்டேன்.

இரண்டு வகையையும் வேறுபடுத்தி அறியப் பெரிய கருவிகள் தேவையில்லை. தொழிற்சாலையில் அடிக்கப்பட்ட பூச்சின் மொத்தத் தடிமன் பொதுவாக 100 முதல் 180 மைக்ரான் வரை இருக்கும். பூச்சின் தடிமனை அளக்கும் சிறு மீட்டரை வைத்துக் காரைச் சுற்றி வந்தால், 300, 400 என்று காட்டும் இடங்களில் மறுபடி பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்றும், 1,000 மைக்ரானைத் தாண்டும் இடங்களில் உள்ளே பட்டி இருக்கிறது என்றும் பெரும்பாலும் கொள்ளலாம். மீட்டர் இல்லாவிட்டால், மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தம் எங்கே பிடிக்காமல் நழுவுகிறது என்று பார்த்தாலே தடித்த பட்டி இருக்கும் இடங்கள் தெரிந்துவிடும்.

அடுத்து அறிய வேண்டியது, காரின்மேல் இப்போது இருப்பது என்ன பெயிண்ட் என்பது. நம் பட்டறைகளில் இன்றும் புழங்கும் "டூகோ" என்ற சொல், டூபான்ட் நிறுவனம் 1920களில் கொண்டுவந்த நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்டின் வணிகப் பெயர். இந்த வகைப் பெயிண்ட் தின்னர் ஆவியாவதால் மட்டுமே காய்கிறது. ஆகவே எத்தனை ஆண்டு கழிந்தாலும் தின்னர் பட்டால் மீண்டும் கரையும். சிந்தடிக் எனாமல் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து மெல்ல இறுகும். பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்டோ ஹார்டனர் என்ற இறுக்கும் திரவம் சேர்த்ததும் வேதிவினையால் இறுகிவிடும். கரையக்கூடிய பழைய டூகோவின்மீதோ, முழுதாக இறுகாத எனாமலின்மீதோ பி.யூ. அடித்தால், அதன் வலுவான தின்னர் கீழ் அடுக்கை இளக்கிச் சுருக்கிவிடும். வெளியே தெரியாத ஓர் இடத்தில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் நனைத்த வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். நிறம் துணியில் ஏறினால் டூகோ. பரப்பு சுருங்கினால் எனாமல். எதுவும் நேராவிட்டால் பெரும்பாலும் பி.யூ. இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். இதைச் செய்யாமல் விட்டதால் முழுக் காரையும் இரண்டாம் முறை சுரண்ட நேர்ந்தவர்களை எனக்குத் தெரியும். அடியிலிருக்கும் பழைய பெயிண்ட் சிவப்பு என்றால் இன்னும் கவனம் வேண்டும். சில பழைய சிவப்பு நிறமிகள் புதுப் பெயிண்டின் தின்னரில் கரைந்து மேலேறி, வெள்ளையையும் கிரீமையும் இளஞ்சிவப்பாக்கிவிடும்.

பட்டியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பார்த்த மோசமான வேலைகளில் பெரும்பாலானவை அங்கேதான் கெட்டிருந்தன. பாலியஸ்டர் பட்டியில் டால்க் பொடி பெருமளவில் இருப்பதால் அது ஈரத்தை உறிஞ்சும். வெறும் பட்டியைத் தண்ணீர் ஊற்றி உப்புத்தாளால் தேய்த்து, மேலே காய்ந்ததுபோல் தெரிந்ததும் பிரைமர் அடித்தால், உள்ளே தங்கிய ஈரம் வெயிலில் சூடேறி ஊசிமுனை அளவிலான கொப்புளங்களாக வெளிப்படும். பட்டியை உலர் தாளால்தான் தேய்க்க வேண்டும். துருவைத் தட்டிவிட்டு அதன்மேல் பட்டி வைப்பது இதைவிட மோசம். ஓட்டை விழுந்த தகட்டை வெட்டிப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்காமல் பட்டியால் அடைத்தால், பின்பக்கத்து ஈரம் அதன் வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டே இருக்கும். கதவின் அடிவிளிம்பில் மழைநீர் வடிவதற்கென்று இருக்கும் சிறு துளைகளைப் பட்டியோ பெயிண்டோ அடைத்திருந்தால், கண்ணாடி வழியே இறங்கும் நீர் கதவுக்குள்ளேயே நின்று, உள்ளிருந்து வெளியே துருவைக் கொண்டுவரும்.

என்னிடம் உள்ள ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் இந்தப் பாடத்தை நான் விலைகொடுத்தே கற்றேன். சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961 முதல் 1971 வரை தயாரித்த அந்தக் கார், அம்பாசிடரையும் பத்மினியையும்போல் உடலே சேசிஸாக அமைந்ததன்று. தனிச் சேசிஸின்மேல், கூரை உட்பட உடலின் பெரிய பகுதிகள் போல்ட் போட்டுப் பொருத்தப்பட்டிருக்கும். வண்டி ஓடும்போது அந்த இணைப்புகள் சற்றே அசையும். அசைய வேண்டும் என்றுதான் வடிவமைத்திருக்கிறார்கள். எனக்கு முன் வைத்திருந்தவருக்காக வேலை செய்த பெயிண்டர், கூரை இணைப்பின் இடைவெளி அழகைக் கெடுப்பதாக எண்ணி, அதைப் பட்டியால் நிரப்பி ஒரே பரப்பாக்கியிருந்தார். ஆண்டுக்கொரு முறை அந்த இடம் வெடித்தது. இருமுறை தொட்டுப் பூசிய பிறகுதான், கூரையைக் கழற்றாமல் இதற்கு முடிவில்லை என்று எனக்குப் புரிந்தது. கழற்றிய பின் இணைப்பின் உட்புறம் முழுவதும் துரு.

சுரண்டும் கட்டத்திலேயே காரைக் கெடுத்துவிடுவதும் உண்டு. மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்வது சேசிஸுக்கும் சஸ்பென்ஷன் பாகங்களுக்கும் ஏற்றது. பானெட், கூரை, கதவு போன்ற அகன்ற மெல்லிய தகடுகளில் அதே அழுத்தத்தைக் காட்டினால் தகடு நெளிந்துபோகும், நெளிந்ததை நேராக்குவது பெயிண்டைவிடச் செலவான வேலை. அங்கெல்லாம் பழைய பெயிண்டை இளக்கும் ரிமூவரும் கத்தியும்தான் பாதுகாப்பானவை. ஆனால் ரிமூவரின் மிச்சம் மடிப்புகளில் தங்கினால் பின்னர் கசிந்து புதுப் பெயிண்டைத் தூக்கிவிடும் என்பதால், அதைக் கழுவி நீக்கும் வேலைக்கு நேரம் ஒதுக்க வேண்டும். பழைய பெயிண்டுகளில், குறிப்பாக மஞ்சள், சிவப்பு நிறங்களில், ஈயச் சேர்மங்கள் இருக்கக்கூடும். அவற்றை முகமூடியில்லாமல் உலர்வாகத் தேய்ப்பதும், குழந்தைகள் நடமாடும் வீட்டு முற்றத்தில் அந்த வேலையை வைத்துக்கொள்வதும் கூடாது. பி.யூ. ஹார்டனரிலுள்ள ஐசோசயனேட் மூச்சுத்திணறல் நோயை உண்டாக்கவல்லது. பெயிண்டருக்கு வெளிக்காற்று செலுத்தும் முகமூடியை வழங்காமல் விலையைக் குறைக்கும் பட்டறை, அந்தக் குறைவை ஒரு தொழிலாளியின் நுரையீரலிலிருந்து எடுக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

கடலோர ஊர்களில், சுரண்டிய வெறும் தகட்டை ஓர் இரவுகூட அப்படியே விடக் கூடாது. அன்றே எபாக்சி பிரைமர் அடித்துவிட வேண்டும். இதில் பலரும் அறியாத ஒன்று உண்டு. மேற்பூச்சுக்கு முன் பரப்பைச் சமனாக்க அடிக்கும் சாம்பல் நிற சர்பேசர் நீரைத் தடுக்கும் பூச்சன்று. அதில் நுண்துளைகள் உண்டு. கையில் பணம் தீர்ந்ததால் சர்பேசர் கட்டத்திலேயே கார் மாதக்கணக்கில் நின்றால், ஈரம் அதன் வழியே தகட்டைச் சென்றடைந்துவிடும், பிறகு மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பணம் எங்கே நிற்கும் என்று முன்கூட்டியே கணித்து, நிறுத்துவதானால் எபாக்சி கட்டத்தில் நிறுத்துவது நல்லது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில், ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் பெயிண்ட் அறை (பூத்) இல்லாத இடத்தில் மேற்பூச்சு அடிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். டூகோவாக இருந்தால் ஈரக்காற்றில் வெண்மை படர்ந்துவிடும்.

கண்ணாடி, ரப்பர், மோனோகிராம் (காரின் பெயர்ச் சின்னம்), கைப்பிடி எதையும் கழற்றாமல் டேப் ஒட்டி அடிப்பது கூலியை மிச்சப்படுத்துவதுபோல் தோன்றும். டேப்பின் விளிம்பில்தான் பெயிண்ட் முதலில் உரியும். அங்கே புகும் நீர் கண்ணாடிச் சட்டத்தைத் தின்றுவிடும். கழற்றும்போது பழைய ரப்பர் பெரும்பாலும் கிழியும், மோனோகிராமின் பின்கள் முறியும் என்பதால், மாற்றுப் பொருள்கள் கைக்கு வந்த பிறகு கழற்றத் தொடங்குவது அறிவுடைமை.

நிறத்தை வெயிலில் மங்கிய பானெட்டைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம். டோர் பேடின் பின்புறம், பின்சீட்டின் அடி, டாஷ்போர்டின் உட்புறம் ஆகிய இடங்களில் தொழிற்சாலை நிறம் பெரும்பாலும் மிஞ்சியிருக்கும். அதைப் பாலிஷ் போட்டுத் துடைத்துவிட்டு ஒப்பிடுங்கள். நிறத்தையே மாற்றுவதானால், அது பதிவுச் சான்றிதழில் குறிக்கப்பட்டிருப்பதால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முறைப்படி மாற்றியாக வேண்டும்.

பணம் பேசும் முறையைக் கடைசிக்கு வைத்தேன், ஆனால் செலவு கைமீறுவது இங்கேதான். பட்டிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத நிலையில் முழு வேலைக்கும் ஒரே தொகையைச் சொல்லும் பட்டறை, ஒன்று தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதிகமாகச் சொல்லும், அல்லது பாதியில் வேலையின் தரத்தைக் குறைக்கும். சுரண்டுவதற்கு மட்டும் முதலில் விலை பேசி, தகடு வெளிப்பட்ட பிறகு டிங்கரிங்கையும் பெயிண்டையும் தனித்தனியாகக் கணக்கிடச் சொல்லுங்கள். வெறும் தகடு, பற்றவைப்பு, பட்டி, எபாக்சி ஆகிய ஒவ்வொரு கட்டத்திலும் நேரில் போய்ப் படமெடுத்த பிறகே அடுத்த தவணையைக் கொடுங்கள். முடிந்ததும் பயன்படுத்திய பிரைமர், பட்டி, பெயிண்டு, ஹார்டனர் ஆகியவற்றின் பெயர்களையும் நிறக் கலவை எண்ணையும் எழுதி வாங்கி, இறுக மூடிய கால் லிட்டர் பெயிண்டோடு சேர்த்து வைத்துக்கொண்டால், நாளை ஒரு கதவில் கீறல் விழுந்தாலும் அந்தக் கதவோடு வேலை முடிந்துவிடும்.