பிவட் பேரிங் கழட்டுறப்ப பிரேமை காவு கொடுத்துடாதீங்க

முதல் தடவை ஃபுல் சஸ்பென்ஷன் மவுண்டன் சைக்கிள்ல பிவட் பேரிங் (பின் சக்கரப் பகுதி மேல கீழ ஆடற மூட்டுல இருக்கற பேரிங்) கழட்ட உக்காந்தப்ப என்கிட்ட இருந்தது ஒரு பழைய ஸ்க்ரூடிரைவர், ஒரு சுத்தியல், தேவைக்கு மேல தைரியம். மெயின் பிவட்ல ஒரு பக்கமா ஸ்க்ரூடிரைவரை விட்டு எதிர்ப்பக்க பேரிங்கோட உள் ரேஸ்ல, அதாவது உள் வளையத்துல வச்சு நாலு போடு போட்டேன், அஞ்சாவது அடில டிங்குனு ஏதோ விழுந்துச்சு, வந்துருச்சுடான்னு குனிஞ்சு பார்த்தா உள் ரேஸ் மட்டும் தரைல கிடக்கு, குண்டெல்லாம் கட்டிலுக்கு அடில உருண்டு ஓடுது, வெளி ரேஸ் பிரேமுக்குள்ள அசையாம உக்காந்திருக்கு. அதை எடுக்க ஒரு ஞாயித்துக்கிழமை முழுசா போச்சு.

இந்த வேலைல பேரிங் போனா போகுது, அது எப்படியும் குப்பைக்குத்தான். காப்பாத்த வேண்டியது அது உக்காந்திருக்கற ஓட்டையை. அதுல கோடு விழுந்தாலோ ஓவல் ஆனாலோ புது பேரிங் லூசா நிக்கும், அப்புறம் பின் வீல் ஆடும், சத்தம் வரும், பிரேமையே மாத்தச் சொல்லுவாங்க. கீழ சொல்ற தப்பு எல்லாமே கடைசில அந்த ஓட்டைலதான் போய் முடியும்.

மொதல்ல, கழட்டணுமான்னே பார்க்காம கழட்டுறது. ஷாக்கை கழட்டி வச்சுட்டு பின் சக்கர பக்கத்தை கையால மெதுவா மேல கீழ ஆட்டிப் பாருங்க. எங்கயாவது கரகரன்னு இருக்கா, பக்கவாட்டுல ஆடுதா? பாதி நேரம் சத்தம் வர்றது லூசான பிவட் போல்ட்லேருந்துதான். பேரிங் காஞ்சு மட்டும் போயிருந்தா பிளேடு முனையால பேரிங்கை மூடியிருக்கற சீல் மூடியை அலுங்காம நெம்பி எடுத்து, துடைச்சு, கிரீஸ் அடைச்சு மூடுனா ஒரு சீசன் ஓடும். ஒருதடவை உள் ரேஸைப் பிடிச்சு இழுத்து வெளில எடுத்த பேரிங்கை மட்டும் திரும்ப மாட்டாதீங்க, இழுத்த வேகம் முழுக்க குண்டு வழியா போய் ரேஸ்ல குழி விழுந்திருக்கும்.

அடுத்தது, நம்பர் பார்க்காம எடுக்கறது. சீல் மேல 6902, 6802, 6900ன்னு ஏதாவது அடிச்சிருக்கும், துருவுல அழிஞ்சு போறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துக்கோங்க. 6902ன்னா உள்ள 15, வெளில 28, அகலம் 7 மி.மீ.; 6802ன்னா உள்ள அதே 15தான் ஆனா வெளில 24, அகலம் 5. கடைல "15 எம்எம் பேரிங் குடுங்க"ன்னு கேட்டு தப்பானதை வாங்கிட்டு வர்றது இப்படித்தான். பக்கத்துல மேக்ஸ்னு போட்டிருந்தா அதுல கேஜ் (குண்டுகளைத் தள்ளித் தள்ளி நிறுத்தற கூடு) கிடையாது, அந்த இடத்துலயும் குண்டு அடைச்சிருப்பாங்க. பிவட் பேரிங் வீல் பேரிங் மாதிரி முழுசா சுத்தறதில்ல, சில டிகிரி முன்ன பின்ன ஆடுது அவ்ளோதான், ஆனா லோடு அதிகம், அதனால குண்டு எவ்ளோ கூட இருக்கோ அவ்ளோ நல்லது. சாதா பேரிங் விலை கம்மின்னு அங்க போட்டா சீக்கிரமே திரும்ப இதே வேலைக்கு உக்காருவீங்க.

இப்ப அந்த அடி விஷயம். நிறைய பிரேம்ல பேரிங்குக்கு பின்னாடி அது முட்டி நிக்கற மாதிரி ஒரு படி இருக்கும், அதனால பின்பக்கத்துலேருந்து வெளி ரேஸ் கைக்கு எட்டாது, உள் ரேஸ்தான் கிடைக்கும். வேற வழி இல்ல, அதைத்தான் தள்ளணும், ஆனா ஒரே இடத்துல ஓங்கி அடிக்கறதுலதான் பேரிங் சாயுது, சாஞ்ச வெளி ரேஸோட விளிம்பு மெத்துன்னு இருக்கற அலுமினியத்தை உளி மாதிரி சீவுது. ரெண்டு பேரிங்குக்கு நடுவுல ஸ்பேசர் குழாய் இருந்தா அதை ஓரமா நகர்த்துனா விளிம்பு தெரியும், அங்க வச்சு மேல, கீழ, இடது, வலதுன்னு மாத்தி மாத்தி சின்னச் சின்னதா தட்டணும். இதைவிட நல்லது பிளைண்ட் புல்லர்: உள்ள விட்டு திருகுனா விரிஞ்சு உள் ரேஸோட பின் விளிம்பைப் பிடிச்சுக்கும், நேரா இழுக்கும்.

வெளி ரேஸ் மட்டும் மாட்டிக்கிட்டா (என்னை மாதிரி) பதறாதீங்க. குண்டு ஓடுன பள்ளம் அதுல இருக்குல்ல, பெரிய சைஸ் புல்லரோட உதட்டை அந்தப் பள்ளத்துல கொளுவி இழுக்கலாம். கார் பட்டறைல உள்ள ஒரு சுத்து வெல்டு வச்சு சுருங்க விட்டு எடுப்பாங்க, பைக் பிரேம்ல அந்த ஐடியாவையே மறந்துடுங்க, அலுமினியத்தோட ஹீட் ட்ரீட்மென்ட் போயிடும், கார்பன்னா கேக்கவே வேணாம்.

சூடுன்னதும் ஞாபகம் வருது, ஹீட் கன்னைத் தூக்கிட்டு வர்றவங்க ஜாஸ்தி. அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு விரியும், 28 மி.மீ. ஓட்டையை ஒரு 60 டிகிரி ஏத்துனா பேரிங்கைவிட 0.02 மி.மீ. கிட்ட கூடுதலா விரியும். கேக்க கம்மியா இருக்கும், ஆனா இறுக்கமே அந்த அளவுலதான் இருக்கு, அதனால ஹேர் டிரையர் போதும். கார்பன் பிரேம்ல பேரிங் உக்கார்ற அலுமினிய கப்பை பசையாலதான் ஒட்டியிருப்பாங்க, அங்க ஹீட் கன் வச்சா பேரிங்கோட சேர்ந்து கப்பும் கையோட வந்துரும்.

சர்க்ளிப் (பேரிங் வெளில வராம தடுக்கற கம்பி வளையம்) இருக்கான்னு பார்க்காம தள்ளறது இன்னொரு பெரிய தப்பு. அழுக்குக்குள்ள அது கண்ணுக்கே தெரியாது, துடைச்சுட்டு டார்ச் அடிச்சு பாருங்க. படி எந்தப் பக்கம்னும் அப்பவே பார்த்துக்கோங்க, பேரிங் ஒரு பக்கமாத்தான் வெளில வரும், எதிர்ப்பக்கம் எவ்ளோ முக்குனாலும் பிரேம்தான் உடையும். போல்ட் வரலன்னா அலன் கீக்கு பைப் போட்டு முறுக்காதீங்க, திரெட்ல லாக்டைட் பசை போட்டிருப்பாங்க, லேசா சூடு காட்டுனா இளகும். சில பிரேம்ல பிவட் ஆக்ஸிலோட ஒரு முனைல ஆப்பு மாதிரி ஒரு கோன் இருக்கும், அந்த ஆப்பை முதல்ல லூஸ் பண்ணாம ஆக்ஸிலைத் திருகுனா திரெட் காலி. துருவுக்கு ஸ்பிரே அடிக்கறதா இருந்தா டிஸ்க்கும் பிரேக் பேடும் பக்கத்துல இருக்கக்கூடாது.

தாங்கு கொடுக்காம வேலை பார்க்கறதும் அப்படித்தான். ராக்கர் லிங்க்கை (ஷாக்கையும் பின்பக்கத்தையும் இணைக்கற துண்டு) வைஸ்ல இறுக்கி மறுபக்கம் அடிச்சா அதோட மெல்லிசான கை வளையும். பேரிங் வந்து விழற அளவுக்கு வாய் அகலமா இருக்கற சாக்கெட்டை ஓட்டைக்கு நேர் கீழ வைங்க, விளிம்பு முழுக்க ஒட்டி உக்காரணும். எம்8 திரெட் ராடு ஒரு அடி, ரெண்டு நட்டு, கெட்டி வாஷர் வாங்கி அந்த சாக்கெட்டோட சேர்த்து திருகுனா சுத்தியலே வேணாம், ஹார்ட்வேர் கடைல எல்லாமே கிடைக்கும். நட்டை கையாலதான் திருகணும், இம்பாக்ட் கன் போட்டா கோணலாகுறது தெரியறதுக்குள்ள முடிஞ்சிருக்கும்.

வெளில வந்ததும் உப்புத்தாள் போட்டு ஓட்டையைத் தேய்க்காதீங்க, துணில ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) நனைச்சு துடைச்சா போதும், தேய்க்கற ஒவ்வொரு தேய்ப்பும் இறுக்கத்தைக் குறைக்குது. ஏற்கனவே கொஞ்சம் லூசா இருந்தா லாக்டைட் 641ன்னு பேரிங்கைப் பிடிச்சு வைக்கற பசை இருக்கு, அது பின்னாடி கழட்டவும் விடும். பழைய பேரிங்ல முழுசா வந்த ஒண்ணைத் தூக்கிப் போடாம கிரைண்டர்ல அதோட வெளி ரேஸை அரை மி.மீ. போல குறைச்சு வச்சுக்கோங்க, புதுசை உள்ள அழுத்தறப்ப அதுக்கு மேல வச்சு அழுத்தலாம், ஓட்டைக்குள்ள மாட்டிக்காம திரும்ப வந்துரும். என் டூல் பாக்ஸ்ல அப்படி ஒரு 6902 இன்னும் கிடக்கு.