பழைய டிரக்ல இஜிஆர் கோளாறு: வால்வை மாத்துறதுக்கு முன்னாடி பண்ற தப்புங்க

ஸ்கேனர்ல பி0401-ங்கற கோளாறு கோடு (எரர் நம்பர்) வந்த உடனே புது இஜிஆர் வால்வு, அதாவது எரிஞ்ச புகையில கொஞ்சத்தை திரும்ப இன்ஜினுக்குள்ள விடற வால்வு, வாங்க ஓடுறதுதான் முதல் தப்பு, நானும் ஓடியிருக்கேன். அந்த கோடு சொல்றது "வரவேண்டிய அளவு புகை திரும்பி உள்ள வரல" அவ்வளவுதான், வால்வு போயிடுச்சுன்னு அது எங்கயும் சொல்லல. நான் புது வால்வை மாட்டி ரெண்டே நாள்ல அதே லைட் திரும்ப எரிஞ்சுது, அப்புறம் கழட்டிப் பார்த்தா இன்டேக் மேனிஃபோல்டுல (சிலிண்டருக்கு காத்து போற குழாய்) புகை நுழையற ஓட்டை கரி ஏறி ஒரு பென்சில் கூட போகாத அளவுக்கு அடைச்சுக் கிடக்கு. பழைய வால்வு மேல ஒரு குத்தமும் இல்ல.

எரிஞ்ச புகையில கொஞ்சத்தை திரும்ப உள்ள விட்டா சிலிண்டருக்குள்ள எரியற சூடு குறையும், அதனால நைட்ரஜன் ஆக்சைடு கம்மியாகும், அது சுமார் 1370 டிகிரி செல்சியஸ் தாண்டினாதான் வேகமா உருவாகும். இஜிஆரோட வேலையே இதுதான். ஆனா பெட்ரோல் இன்ஜினுக்கு உள்ள கணக்கை டீசலுக்கு போடக்கூடாது. பெட்ரோல்ல இன்ஜின் சூடாகறதுக்கு முன்னாடியும், ஐடில்லயும் (ஆக்சிலேட்டர் மிதிக்காம இன்ஜின் சும்மா ஓடறது), ஆக்சிலேட்டரை முழுசா மிதிக்கும்போதும் வால்வு மூடியே இருக்கணும். நிறைய டீசல்ல ஐடில்ல திறந்திருக்கிறது சாதாரணம், அதை ஸ்கேனர்ல பார்த்துட்டு "மாட்டிக்கிச்சு"ன்னு முடிவு கட்டுறவங்க இருக்காங்க.

பெட்ரோல்ல வால்வு திறந்தபடி மாட்டிக்கிச்சுன்னா ஐடில் ஆடும், கியர்ல போட்டதும் ஆஃப் ஆகும். மூடியபடி நின்னுடுச்சுன்னா ஐடில் அருமையா இருக்கும், ஆனா ஏத்தத்துல லோடு இழுக்கும்போது நாக்கிங் சத்தம் (சிலிண்டருக்குள்ள தட்டற மாதிரி) வரும். டீசல்ல திறந்தே கிடந்தா இழுவை போயிடும், கருப்பா புகை தள்ளும்.

வேக்கம்ல (இன்ஜின் காத்தை உறிஞ்சற இழுப்பு) வேலை செய்யற பழைய வால்வுலதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. ஐடில்ல ஹோஸை கழட்டி விரல் வச்சுப் பார்ப்பாங்க, வேக்கம் இல்லன்னதும் வேக்கம் அனுப்பற சுவிட்ச் போச்சும்பாங்க, ஆனா பெரும்பாலான பெட்ரோல் வண்டியில ஐடில்ல அங்க வேக்கம் வரவே கூடாது, த்ராட்டில் கொஞ்சம் திறந்தப்புறம்தான் வரணும். சரியான வழி என்னன்னா கையால அடிக்கிற வேக்கம் பம்ப்பை வால்வுல மாட்டி, இன்ஜினை ஐடில்ல விட்டு மெதுவா அடிக்கணும். இன்ஜின் தடுமாறினா இல்ல ஆஃப் ஆனா வால்வும் சரி, பாதையும் சரி, கோளாறு வால்வுக்கு வேக்கம் அனுப்பற பக்கம். வேக்கம் இறங்காம அப்படியே நிக்குது ஆனா இன்ஜின் அசையவே இல்லன்னா அனேகமா பாதை கரியில அடைப்பு. வேக்கம் பிடிச்சு நிக்காம இறங்கிடுதுன்னா டயாஃப்ரம் (வேக்கம் இழுத்து வால்வை திறக்கிற சவ்வு) கிழிஞ்சிருக்கு.

இதுலயும் ஒரு பொறி இருக்கு. பேக்பிரஷர் டைப்புன்னு ஒரு ரகம், சைலன்சர் பக்கத்துல இருந்து போதுமான பிரஷர் வந்தாதான் அது வேக்கத்தையே பிடிச்சு வைக்கும், கழட்டி கையில வச்சு டெஸ்ட் பண்ணா நல்ல வால்வு கூட லீக் ஆகற மாதிரியே காட்டும். அதனால வண்டிக்கு எந்த ரகம்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க, பானெட் அடியில ஒட்டியிருக்கிற வேக்கம் ஹோஸ் படத்தையும் ஒரு தடவை பாருங்க, யாரோ எப்பவோ ஹோஸை மாத்தி மாட்டினது பல வருஷமா அப்படியே ஓடிட்டு இருக்கும்.

டீசல்ல இன்னொரு பெரிய தப்பு கூலன்ட் விஷயம். கூலன்ட் குறையுது, வெள்ளைப் புகை வருதுன்னதும் ஹெட் கேஸ்கெட்டுன்னு (இன்ஜின் ஹெட்டுக்கு அடியில இருக்கிற சீல்) இன்ஜினை பிரிச்சிடறாங்க. திரும்பி வர்ற புகையை கூலன்ட் வச்சு ஆற வைக்கிற இஜிஆர் கூலர் உள்ள ஓட்டை விழுந்தாலும் இதே அறிகுறிதான். வால்வை கழட்டிப் பாருங்க, கரி காய்ஞ்சு இல்லாம ஈரமா இருந்தா, இல்ல அந்த இடம் மட்டும் கழுவி விட்ட மாதிரி இருந்தா கூலர் மேலதான் சந்தேகப்படணும். அப்பவும் கூலரை மட்டும் மாத்திட்டு விட்டுடாதீங்க. 2003-லிருந்து 2007 வரைக்கும் வந்த ஃபோர்டு 6.0 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் இன்ஜின்ல ஆயில் கூலர் அடைச்சுக்கும், அதைத் தாண்டி இஜிஆர் கூலருக்கு கூலன்ட் சரியா போகாது, அது காய்ஞ்சு வெடிச்சு விடும். அந்த இன்ஜின்ல வண்டி நல்லா சூடாகி ஒரே வேகத்துல ஓடும்போது ஆயில் சூடு கூலன்ட் சூட்டை விட 8 டிகிரி செல்சியஸுக்கு மேல அதிகமா இருந்தா ஆயில் கூலரையும் சேர்த்துத்தான் மாத்தணும்.

எலக்ட்ரானிக் கன்ட்ரோல் உள்ள நிறைய டீசல்ல கம்ப்யூட்டர் புகையை நேரா அளக்கறதில்ல, புது காத்து எவ்வளவு குறையுதுன்னு ஏர்ஃப்ளோ சென்சர் வச்சு கணக்கு போடும். அப்ப சென்சர் அழுக்கானாலும் டர்போ ஹோஸ் கிழிஞ்சாலும் வர்றது இஜிஆர் கோடுதான், ஆனா அடி வாங்கறது வால்வு.

கிளீனிங் பத்தி. டயாஃப்ரம் இருக்கிற வால்வை சால்வன்ட்ல முழுசா ஊற வைக்காதீங்க, மோட்டார் உள்ளதுல கனெக்டர் பக்கம் ஸ்ப்ரே அடிக்காதீங்க. ஓடிட்டு இருக்கிற டீசல் இன்ஜினோட இன்டேக்ல ஸ்ப்ரே அடிக்கிறது சுத்த பைத்தியக்காரத்தனம், அதையே எரிபொருளா எடுத்துக்கிட்டு சாவியை ஆஃப் பண்ணாலும் நிக்காம இன்ஜின் அலற வாய்ப்பிருக்கு. சுத்தம் பண்ணியும் சீக்கிரமே கரி ஏறுதுன்னா இன்ஜெக்டர் ஒழுகுதா, டர்போ சீல்ல ஆயில் கசியுதா, வண்டி மணிக்கணக்கா ஐடில்லயே நிக்குதான்னு பாருங்க.

தகடு வச்சு அடைச்சுட்டா தீந்துதுன்னு சொல்றவங்க பேச்சை விடுங்க, பல இடத்துல அது சட்டப்படி குத்தம், பெட்ரோல்ல நாக்கிங் வேற வரும்.

கடைசியா, ஸ்கேனர்ல அந்த கோளாறு கோடை அழிக்கிறதுக்கு முன்னாடி ஃப்ரீஸ் ஃப்ரேம் டேட்டாவை எழுதி வைங்க, எந்த வேகத்துல எந்த சூட்டுல கோளாறு வந்துச்சுன்னு அதுல இருக்கும். அழிச்சதும் லைட் அணையத்தான் செய்யும், ஆனா இஜிஆர் டெஸ்டை கம்ப்யூட்டர் மறுபடி ஓட்டிப் பார்க்கிற வரைக்கும் சரியாச்சான்னு யாருக்கும் தெரியாது, அதுக்கு இன்ஜின் சூடாகி சீரான வேகத்துல கொஞ்ச தூரம் ஓடணும்.