கம்ப்ட்ரோலருக்கு ஓட்டுப் போடும் முன்

நியூயார்க் நகரம் முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் பதவிகள் மூன்று: மேயர், மக்களின் குறைகளைக் கவனிக்கும் பப்ளிக் அட்வகேட், நகரத்தின் கணக்குவழக்கைப் பார்க்கும் கம்ப்ட்ரோலர். குவீன்ஸில் நம் ஆட்கள் மேயர் யார் என்று மணிக்கணக்காகப் பேசுவார்கள். கம்ப்ட்ரோலர் என்றதும், எங்கோ கேள்விப்பட்ட பெயருக்கு எதிரே வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு வந்துவிடுவார்கள். தணிக்கை வேலையிலேயே தலை நரைத்த எனக்கு இதைக் கேட்டால் மனசு பொறுப்பதில்லை. நகரத்தின் ஒப்பந்தங்களைப் பதிவு செய்வதும், நகரத்தின் மேல் வரும் இழப்பீட்டுக் கேஸ்களைத் தீர்ப்பதும், ஐந்து ஓய்வூதிய நிதிகளின் முதலீட்டைப் பார்ப்பதும், துறைகளைத் தணிக்கை செய்வதும் இவர் வேலைதான்.

ஒருவர் இந்தப் பதவியில் எப்படி இருந்தார் என்று பார்க்க, அவருடைய தணிக்கை அறிக்கைகளிலிருந்து ஆரம்பியுங்கள். கம்ப்ட்ரோலர் அலுவலக இணையதளத்திலேயே இருக்கின்றன. ஒன்றை எடுத்து நேராகக் கடைசிக்குப் போங்கள். தணிக்கைக்கு ஆளான துறையின் பதில் கடிதம் அங்கே இணைப்பாக இருக்கும். எந்தப் பரிந்துரையை ஒப்புக்கொண்டார்கள், எதை மறுத்தார்கள் என்று பார்த்துவிட்டு, அதற்கான ஆதாரத்தை முன்பக்கங்களில் தேடுங்கள். துறை மறுத்தும் ஆதாரம் அசையாமல் நின்றால் அது நல்ல தணிக்கை. வெறும் 'கண்காணிப்பு போதவில்லை' என்ற வரியை யார் வேண்டுமானாலும் எழுதலாம்.

அடுத்து தேதிகள். பில் தாம்சன் 2009இல், ஜான் லியு 2013இல், ஸ்காட் ஸ்டிரிங்கர் 2021இல், பிராட் லாண்டர் 2025இல் என்று வரிசையாக, பதவியில் இருந்தபடியே மேயர் தேர்தலில் நின்றார்கள். ஒருவரும் ஜெயிக்கவில்லை. கம்ப்ட்ரோலராக இருந்தபடியே நின்று 1973இல் ஜெயித்த ஏப் பீமுக்கு, 1975இல் நகரமே திவாலாகும் நிலை வந்து சேர்ந்தது. மேயர் ஆசை குற்றமில்லை. ஆனால் மேயரைக் குத்தும் அறிக்கைகள் தேர்தல் வருஷத்தில் மட்டும் குவிகின்றனவா, நாலு வருஷமும் சீராக வருகின்றனவா என்று வரிசைப்படுத்திப் பாருங்கள்.

ஒப்பந்தங்களை விடவே விடாதீர்கள். நகர ஊழியர்களின் வருகை நேரத்தைப் பதிய வந்த சிட்டிடைம் என்ற கணினித் திட்டம், சுமார் 6.3 கோடி டாலரில் தொடங்கி 70 கோடிக்கு வீங்கியது. லியு 2010இல் அதைத் தணிக்கை செய்தார். அந்த டிசம்பரிலேயே மோசடிக் குற்றச்சாட்டில் கைதுகள் நடந்தன. 2012இல், அந்த வேலையை ஒப்பந்தம் எடுத்திருந்த எஸ்ஏஐசி நிறுவனம் 50 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. பாராட்டத்தான் வேண்டும். கூடவே, அத்தனை வருஷம் அது வீங்கிக்கொண்டிருந்தபோது அந்த நாற்காலியில் யார் இருந்தார்கள் என்றும் கேட்க வேண்டும். இன்று நடப்பதைப் பார்க்க, நகரத்தின் செலவுகளைக் காட்டும் 'செக்புக் என்ஒய்சி' இணையதளம் இருக்கிறது. உங்கள் பிள்ளையின் பள்ளிக்குப் பொருள் தரும் கம்பெனியின் பெயரைப் போட்டுப் பாருங்கள். ஒப்பந்தத்தின் ஆரம்பத் தொகையும் இப்போதைய தொகையும் தெரியும்.

அன்றாட விழிப்பும் முக்கியம். 2025 பிப்ரவரியில் மத்திய அரசு நகரத்தின் வங்கிக் கணக்கிலிருந்து 8 கோடி டாலரைத் திரும்ப எடுத்துக்கொண்டதைக் கண்டுபிடித்துச் சொன்னது கம்ப்ட்ரோலர் அலுவலகம்தான்.

இங்கே உண்மையான போட்டி பெரும்பாலும் ஜூன் மாதம் டெமாக்ரடிக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரியிலேயே முடிந்துவிடும். கட்சியில் பதியாதவர்களுக்கு அதில் ஓட்டு கிடையாது. கட்சி மாறுவதென்றால் அந்த வருஷம் பிப்ரவரி 14க்குள் மாறிவிடுங்கள்.