இங்கிலாந்து பேல் ஏல்: ருசி பார்ப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேல் ஏல் என்கிற இங்கிலாந்து பீர் வகையைப் பலர், பாட்டிலை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் ஊற்றிக் குடித்துவிட்டு ‘வெறும் கசப்புதான் இருக்கிறது’ என்று தள்ளிவிடுகிறார்கள். குற்றம் ஏலில் இல்லை, குளிரில் இருக்கிறது. லாகர் என்கிற, குளிரக் குளிரக் குடிக்கும் பீருக்கு 4 டிகிரி சரி. ஆனால் இங்கிலாந்து பப்களில் பீப்பாயிலிருந்து கைப்பம்பால் இறைத்துத் தருகிற ஏல் 11 முதல் 13 டிகிரி செல்சியஸில் இருக்கும். அதற்கு வெகுவாகக் கீழே போனால் மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய பார்லி) பிஸ்கட், டாஃபி வாசனை எழும்பாது. ஈஸ்ட் தருகிற பழ வாசனையும் அடங்கிவிடும். கசப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். பாட்டிலைக் கொஞ்ச நேரம் வெளியே வைத்து, குளிர் தணிந்தபின் ஊற்றுங்கள்.

வாயு குறைவாக இருப்பதையும் குறையாக எண்ண வேண்டாம். பீப்பாய் ஏல் அந்தப் பீப்பாய்க்குள்ளேயே இரண்டாம் முறை நொதித்து, அதில் உண்டாகும் வாயுவோடுதான் வருகிறது. நுரையும் ஊருக்கு ஊர் மாறும்: தெற்கே மெல்லிசாக இருக்கும், வடக்கே குழாய் முனையில் ஸ்பார்க்லர் என்கிற துளையிட்ட மூடியை மாட்டிக் கெட்டியாக எழுப்புவார்கள். அப்புறம், நுரை சட்டென்று அமுங்கினால் முதலில் கிளாஸைப் பாருங்கள்; சோப்போ எண்ணெய்ப் பிசுக்கோ ஒட்டியிருக்கலாம்.

அமெரிக்க ஐபிஏ என்கிற பழ வாசனை தூக்கலான ஏலைக் குடித்துப் பழகியவர்கள் இதிலும் மாம்பழத்தையும் கிரேப்ஃப்ரூட்டையும் தேடுகிறார்கள். பீருக்குக் கசப்பும் வாசனையும் தருவது ஹாப்ஸ் என்கிற பூ; இங்கிலாந்தின் ஃபகில், ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ் போன்ற ஹாப்ஸில் மண், மூலிகை, பூ, சற்றே ஆரஞ்சு மார்மலேட் வாசனைதான் வரும். ஹாப்ஸ் மால்ட்டை அமுக்காமல் அதோடு சமமாக நிற்கிறதா என்று பார்ப்பதே இங்கே சரியான அளவுகோல்.

இங்கிலாந்தின் பர்ட்டன் அபான் ட்ரென்ட் ஊரின் கிணற்று நீரில் ஜிப்சம் (கந்தகம் கலந்த ஒரு தாது உப்பு) அதிகம். அந்த ஊர் பாணி ஏலை மூக்கருகே கொண்டுபோனால், அப்போதுதான் பற்றவைத்த தீக்குச்சி போல ஒரு கந்தக வாடை வரும். கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள்! கிளாஸை மெல்லச் சுழற்றி வையுங்கள், சீக்கிரம் விலகிவிடும். கசப்பை உலர்வாக, கூர்மையாக முடித்து வைப்பதும் அதே நீர்தான். நிஜமாகவே கெட்டதன் அடையாளங்கள் வேறு. வினிகர் புளிப்பு வந்தால், திறந்த பீப்பாயை நாள் கடந்து வைத்திருக்கிறார்கள். ஈர அட்டை வாடை வந்தால் காற்று பட்டுப் பழசாகியிருக்கிறது. நிறமில்லாத பாட்டிலில் குமட்டும் வாடை அடித்தால் பெரும்பாலும் வெளிச்சம் செய்த வேலை. நேர் வெயிலில் சில நிமிடங்களே போதும். வெண்ணெய் வாசனை இலேசாக இருந்தால் இந்த வகையில் பொறுத்துக்கொள்ளலாம், தூக்கலாக இருந்தால் அது குறைதான்.

காரம் தின்ற வாயோடு உட்காராதீர்கள். ஒயின் போல ருசி பார்த்துத் துப்பவும் வேண்டாம். விழுங்கியபின் நிற்கிற கசப்பு எவ்வளவு நேரம் இருக்கிறது, சுத்தமாக முடிகிறதா என்பதில்தான் பாதி மதிப்பீடு இருக்கிறது. யார்க்‌ஷயரின் டிமொதி டெய்லர் நிறுவனம் தயாரிக்கும் ‘லேண்ட்லார்ட்’ பீப்பாய் ஏலில் ஆல்கஹால் 4.3 சதவீதம்தான். நிதானமாக ஒரு பைன்ட் (அரை லிட்டருக்குச் சற்று மேல்) குடிக்கவென்றே செய்தது. முதல் வாயிலேயே மதிப்பெண் போடாமல், கிளாஸ் பாதியாகும்போது குறிப்பு எழுதத் தொடங்குங்கள்.