பிரிஸ்கெட் பயிலரங்கில் கைகட்டி நிற்காதீர்கள்

பிரிஸ்கெட் எனப்படும் மாட்டு நெஞ்சுக்கறியைப் புகையில் வேகவைக்கக் கற்றுத்தரும் பயிலரங்குக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: நெருப்பை யார் பார்த்துக்கொள்வார்கள்? 5 அல்லது 6 கிலோ எடையுள்ள முழு பிரிஸ்கெட், 120 டிகிரி செல்சியஸ் சூட்டில் வெந்து முடிய ஏறக்குறைய 12 மணி நேரம் பிடிக்கும். அதை நான்கு மணி நேரத்தில் கற்றுத்தருவதாகச் சொன்னால், முந்தைய நாளே வெந்ததை வெட்டிப் பரிமாறப்போகிறார்கள் என்று பொருள். அது நல்ல விருந்து, ஆனால் பயிற்சி ஆகாது. நான் போன முதல் பயிலரங்கு அப்படிப்பட்டதுதான். பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்தேன். வீட்டில் விறகைப் பற்றவைத்தபோது அதில் ஒரு வரிகூட உதவவில்லை. இரவு முழுவதும் விழித்து, உங்கள் கையால் விறகு போட வைக்கும் பயிலரங்கைத் தேடுங்கள்.

இந்தச் சமையலின் தாயகமான மத்திய டெக்சாஸில் இதற்குக் குறைவில்லை. காலேஜ் ஸ்டேஷனில் உள்ள டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் ‘கேம்ப் பிரிஸ்கெட்’ என்ற பயிற்சியையே நடத்துகிறது. அங்கெல்லாம் பயிற்றுநர்கள் ஃபாரன்ஹீட்டில்தான் பேசுவார்கள். 225 என்றால் 107 செல்சியஸ், 250 என்றால் 121, 275 என்றால் 135. இதை முன்பே மனத்தில் ஏற்றிக்கொண்டால் கவனம் சிதறாது.

மசாலாக் கலவையின் ரகசியத்தைக் கேட்டே நேரத்தைக் கழிப்பவர்கள் உண்டு. நம்மவர்களுக்கு இந்த ஆர்வம் அதிகம். ஆனால் மத்திய டெக்சாஸில் உப்பும் கொரகொரப்பாக உடைத்த மிளகும் போதும். அங்கே குடியேறிய ஜெர்மானிய, செக் கசாப்புக்காரர்கள் விற்றது போக மிஞ்சிய கறியைப் புகையில் வேகவைத்ததிலிருந்து வளர்ந்த மரபு இது. லாக்ஹார்ட் ஊரில் 1900-இல் தொடங்கிய கிராய்ட்ஸ் மார்க்கெட் பல பத்தாண்டுகள் சாஸே வைக்காமல் விற்றது. ருசியை இறைச்சியும் நெருப்பும் தரவேண்டும் என்பதே அவர்கள் எண்ணம். எனக்கும் அதில் முழு உடன்பாடு.

கத்தியைக் கையில் கொடுத்தால் தயங்காதீர்கள். பிரிஸ்கெட்டில் இரண்டு தசைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன: மெலிந்து தட்டையாக நீள்வது ‘ஃபிளாட்’, கொழுப்பேறித் திரண்டிருப்பது ‘பாயிண்ட்’. மேல் கொழுப்பை 6 மில்லிமீட்டர் அளவுக்கு விட்டு மீதியைச் சீவிவிட வேண்டும். இரண்டு தசைகளுக்கும் நடுவில் கட்டியாக இருக்கும் கொழுப்பு எத்தனை மணி நேரமானாலும் உருகித் தீராது. ஃபிளாட்டின் மெல்லிய ஓரங்கள் காய்ந்து கருகும். வீணாகிறதே என்று இவற்றை விட்டுவைப்பதுதான் புதியவர்கள் செய்யும் பிழை. இறைச்சி குளிர்ந்திருக்கும்போது வெட்டினால் கத்தி வழுக்காது.

அடுத்தது நெருப்பு. பெரும்பாலான பிரிஸ்கெட் இங்கேதான் கெடுகிறது. புகை அடுப்பின் புகைபோக்கியிலிருந்து வெள்ளைப் புகை குபுகுபுவென வந்தால் நிறைய ருசி ஏறுகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் விறகு சரியாக எரியாமல் புகைந்துகொண்டிருப்பதன் அடையாளம் அது. அந்தப் புகை படிந்த கறி நாக்கில் கசக்கும். வரவேண்டியது, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இழையோடும் நீலப் புகை. சூடு ஏறிவிட்டது என்று பதறிக் காற்றுவழியை அடைப்பவர்கள்தான் வெள்ளைப் புகையை வரவழைக்கிறார்கள். காற்றைத் தாராளமாக விட்டு, நெருப்பைச் சிறிதாக வைத்துக்கொள்ளுங்கள். ஈர விறகு வேண்டாம். டெக்சாஸில் வளரும் ஓக் மர வகையான போஸ்ட் ஓக்கின் நன்கு உலர்ந்த கட்டையை நெருப்புப் பெட்டியின் மேலேயே வைத்துச் சூடேற்றிவிட்டுப் போட்டால் உடனே பற்றிக்கொள்ளும். எப்போது அடுத்த கட்டையைப் போடுவது என்பதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. தணலின் நிறத்தையும் தீயின் சத்தத்தையும் பக்கத்திலிருந்து கவனித்துத்தான் பழக வேண்டும். பயிற்றுநர் எழுந்து போகும்போதெல்லாம் நீங்களும் கூடவே போங்கள்.

இறைச்சியின் உள்வெப்பம் 65 முதல் 75 டிகிரி செல்சியஸுக்குள் எங்காவது நின்றுவிடும். மணிக்கணக்கில் நகராது. புதியவர்கள் இங்கே பயந்து விறகை அள்ளிப் போடுகிறார்கள். மண்பானைத் தண்ணீர் குளிர்வதற்கு என்ன காரணமோ அதுவே இதற்கும் காரணம்: மேற்பரப்பில் ஆவியாகும் ஈரம் வெப்பத்தை இழுத்துக்கொண்டு போகிறது. கிரெக் பிளாண்டர் என்ற இயற்பியலாளர் நனைத்த ஸ்பாஞ்சையும் ஒரு கொழுப்புக் கட்டியையும் சூடாக்கிப் பார்த்தார். ஸ்பாஞ்சில் வெப்பம் தேங்கியது, கொழுப்பில் தேங்கவில்லை. காத்திருக்கலாம். இல்லையென்றால் கசாப்புக்கடைப் பழுப்புத் தாளில் சுற்றலாம். ஆனால் அவசரப்பட்டுச் சுற்றினால் மேலே படியவேண்டிய கருமொறுப்பு ஊறி உரிந்துவிடும். நகத்தால் சுரண்டிப் பாருங்கள், பெயராமல் ஒட்டியிருந்தால் சுற்றலாம்.

வெட்டிய துண்டின் ஓரத்தில் தெரியும் இளஞ்சிவப்பு வளையத்துக்காக ஏங்க வேண்டாம். புகையிலுள்ள வாயுக்கள் இறைச்சியின் நிறமியோடு சேர்வதால் வரும் நிறம் அது, அதில் ருசி இல்லை.

95 டிகிரி வந்ததும் எடுத்துவிடுவது இன்னொரு தவறு. எண் தோராயமானது. நார்களைக் கட்டிப்பிடித்திருக்கும் கொலாஜன் கரைந்து ஜெலட்டினாக வேண்டும். அது ஒவ்வொரு மாட்டுக்கும் வெவ்வேறு நேரத்தில் நடக்கும். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது போல வெப்பமானியின் முனை ஃபிளாட்டில் இறங்க வேண்டும். பயிலரங்கில் எத்தனை பிரிஸ்கெட் இருக்கிறதோ அத்தனையிலும் அனுமதி கேட்டுக் குத்திப் பாருங்கள். வேகாததும் வெந்ததும் அடுத்தடுத்துக் கைக்குப் பட்டால் பிறகு மறக்காது.

எடுத்தவுடன் வெட்டினால் சாறு முழுவதும் பலகையில் ஓடிவிடும். குறைந்தது ஒரு மணி நேரமாவது ஆறவிடுங்கள். துணி சுற்றி, ஐஸ் போடாத, சூடு காக்கும் பெட்டிக்குள் வைத்தால் இன்னும் சில மணி நேரம் தாங்கும், 60 டிகிரிக்குக் கீழே மட்டும் இறங்கவிடக் கூடாது.

வெட்டும்போது நாருக்குக் குறுக்காக, பென்சில் தடிமனில் வெட்ட வேண்டும். ஃபிளாட்டின் நார் ஒரு பக்கம் ஓடினால் பாயிண்ட்டின் நார் வேறு பக்கம் ஓடும். அதனால் பாதியில் துண்டைத் திருப்ப வேண்டும். வெந்து கறுத்த பிறகு நாரின் திசை தெரியாது என்பதால், பச்சையாக இருக்கும்போதே ஃபிளாட்டின் ஒரு மூலையை நாருக்குக் குறுக்காகச் சிறிது வெட்டி அடையாளம் வைத்துவிடுங்கள். மறுநாள் கத்தியை அந்த வெட்டுக்கு இணையாக வைத்துத் தொடங்கினால் போதும்.