டிடி 214இல் விடுபட்ட பேர்ப்பிள் ஹார்ட்: யாழ்ப்பாணத்திலிருந்து பதிவைத் திருத்தும் முறை

அமெரிக்கப் படையிலிருந்து விலகுகிறவர்களுக்கு டிடி 214 என்ற பத்திரம் கொடுபடும். அதன் 13ஆம் பெட்டியில் அவருக்குரிய பதக்கங்களும் பட்டிகளும் வரிசையாக இருக்க வேண்டும். ஈராக்கிலோ ஆப்கானிஸ்தானிலோ குண்டுச்சிதறல் பட்டுச் சிகிச்சை பெற்றவரின் பத்திரத்தில், எதிரியால் காயப்பட்டவருக்குக் கொடுக்கும் பேர்ப்பிள் ஹார்ட் பதக்கம் இல்லையென்றால் அது திருத்தக்கூடிய பிழை. கட்டணம் கிடையாது. சட்டத்தரணி வைத்தே ஆகவேண்டும் என்றும் இல்லை. கடுதாசிகளைச் சரியாகச் சேர்த்தால் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே முடிக்கலாம்.

கிறீன் காட்டோடு படையில் சேர்ந்த எங்கள் பிள்ளைகள் உண்டு. மொழித்திறனுக்காக வெளிநாட்டவரைச் சேர்த்த மாவ்னி திட்டம் 2009இல் தொடங்கி 2016இல் நின்றது. அதன் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. காயப்பட்டவர் உயிரோடு இருந்தால் விண்ணப்பத்தில் அவரே கையொப்பமிட வேண்டும். இறந்திருந்தால் மனைவி, பிள்ளை, பெற்றோர் போன்ற உரித்தாளர் இடலாம். மரணச் சான்றிதழும் உறவுமுறையைக் காட்டும் பத்திரமும் கூடவே போக வேண்டும்.

முதலில் எந்த விருதைக் கேட்பது என்று தெளிவு வேண்டும். பேர்ப்பிள் ஹார்ட் வீரத்துக்குக் கொடுக்கும் விருது அல்ல. ஒரு மேலதிகாரி சிபாரிசு செய்தால்தான் கிடைக்கும் என்பதும் இல்லை. தகுதி இருந்தால் அது உரிமை. தகுதிக்கு மூன்று விடயங்கள்: காயம் எதிரியின் செயலால் வந்திருக்க வேண்டும், மருத்துவ அதிகாரியின் சிகிச்சை தேவைப்பட்ட காயமாக இருக்க வேண்டும், அந்தச் சிகிச்சை உத்தியோகபூர்வப் பதிவில் ஏறியிருக்க வேண்டும். வாகன விபத்து, வெப்பத்தாக்கு, எதிரியோடு தொடர்பில்லாத பரசூட் குதிப்புக் காயம் ஆகியவை சேரா. போருக்குப் பிந்திய மனவடு எவ்வளவு கொடியதானாலும் இந்தப் பதக்கத்துக்குக் கணக்கில் வராது. சண்டை உச்சத்தில் நிற்கும்போது சொந்தப் படையின் சூடு தவறிப் பட்டால் அது சேரும்.

வெடிப்பதிர்ச்சியால் மூளை கலங்கியவர்கள் பலர் தங்களுக்குத் தகுதி இல்லை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். 2011இல் பாதுகாப்புத் திணைக்களம் இதைத் தெளிவாக்கியது. எதிரியின் வெடிப்பால் நினைவு தப்பியிருந்தாலோ, அறிகுறிகள் தொடர்ந்ததால் மருத்துவ அதிகாரி 48 மணித்தியாலத்துக்கு மேல் முழுக் கடமையிலிருந்து விலக்கி வைத்திருந்தாலோ கேட்கலாம். உடலில் தழும்பு இல்லை என்பதற்காகப் பின்வாங்காதீர்கள்.

சண்டையில் நின்றதற்கான வில்லைகள் வேறு. அவற்றுக்குக் காயம் தேவையில்லை. கொம்பாற் இன்ஃபன்றிமன் பட்ஜ் காலாட்படைத் தொழிற்பிரிவில், காலாட்படை அலகில் நின்று தரைச்சண்டையில் ஈடுபட்டவருக்கு. கொம்பாற் மெடிக்கல் பட்ஜ் சண்டையணியோடு நின்ற மருத்துவப் பிரிவினருக்கு. லொறி ஓட்டியவர், பொறியியலாளர், மொழிபெயர்ப்பாளர் ஆகியோர் கேட்கவேண்டியது 2005இல் உருவான, 2001 செப்ரெம்பர் 18 முதல் செல்லுபடியாகும் கொம்பாற் அக்‌ஷன் பட்ஜ். ஒருவர் பேர்ப்பிள் ஹார்ட்டுக்கும் ஒரு வில்லைக்கும் தகுதி உள்ளவராக இருந்தால் இரண்டையும் கேளுங்கள், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஆதாரத்தைப் பிரித்து வையுங்கள்.

இனி, விண்ணப்பங்கள் எங்கே விழுகின்றன என்பதைச் சொல்ல வேண்டும். காயம் இருக்கிறது, சிகிச்சையும் இருக்கிறது, ஆனால் எதிரியால் வந்தது என்று ஒரு தாளிலும் எழுதியிருக்காது. மருத்துவத் துண்டில் ‘இடது தோள்வலி, மூன்று நாள், வலிமாத்திரை கொடுக்கப்பட்டது’ என்று மட்டும் இருந்தால் அது பாரம் தூக்கியதால் வந்ததா, குண்டால் வந்ததா என்று விண்ணப்பத்தைத் தீர்மானிக்கும் பதிவுத் திருத்தச் சபைக்குத் தெரியாது. அதே துண்டில் ‘வீதியோரக் குண்டு வெடித்த வாகனத்தில் இருந்தவர், தோளிலிருந்து உலோகத்துண்டு எடுக்கப்பட்டது’ என்று ஒரு வரி இருந்தால் வழக்கில் பாதி முடிந்தது. படையின் கோப்பு சரியாகத்தான் இருக்கிறது என்ற எடுகோளோடுதான் சபை தொடங்கும். பிழை என்று காட்டும் பொறுப்பு விண்ணப்பிப்பவருடையது. சபை உங்களுக்காகப் புலன்விசாரணை செய்யாது. முன்னாள் படைவீரர் விவகாரத் திணைக்களம் அங்கவீனக் கொடுப்பனவு தருகிறது என்பதும் தனியே போதாது. அந்தத் திணைக்களம் பார்ப்பது சேவைக் காலத்தில் வந்த காயமா என்பதை. பதக்கத்துக்குத் தேவை எதிரியால் வந்த காயமா என்பது.

அதனால் உங்கள் உழைப்பில் பெரும்பங்கை இந்தத் தொடர்பைக் காட்டும் தாளைத் தேடுவதில் போடுங்கள். காயப்பட்டவர் அந்த நாளைப் பற்றிப் பேச விரும்பாமல் இருக்கலாம். வற்புறுத்த வேண்டாம். திகதி, இடம், அவர் நின்ற அலகு, இந்த மூன்றும் கிடைத்தாலே தேடத் தொடங்கலாம்.

சேவைக் கோவைக்கு எஸ்எஃப் 180 படிவத்தை நிரப்பி, சென்ற் லூயிஸ் நகரிலுள்ள தேசிய ஆளணிப் பதிவு நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். கையொப்பம் இல்லாவிட்டால் வேலை நடக்காது. ‘டிடி 214 மட்டும்’ என்று கேட்காமல் முழு ஆளணிக் கோவையையும் கேளுங்கள். களத்துக்கு அனுப்பிய கட்டளைகள், காயப்பட்டோர், இறந்தோர் விபரம் எழுதிய இழப்பு அறிக்கை, விருது கேட்டு யாரோ தொடங்கி இடையில் நின்றுபோன கடிதம் எல்லாம் அதற்குள்தான் கிடக்கும். மருத்துவக் கோவை அங்கே இல்லாமல் இருக்கலாம். 1992 ஒக்டோபர் 16 முதல் 2013 டிசெம்பர் 31 வரை தரைப்படையிலிருந்து விலகியவர்களுடைய மருத்துவக் கோவை பொதுவாக முன்னாள் படைவீரர் விவகாரத் திணைக்களத்துக்குப் போயிருக்கும். அதை அத்திணைக்களத்தின் 20-10206 படிவத்தால் கேட்க வேண்டும். களத்தில் முதலுதவி செய்தவர் நிரப்பிய டிடி 1380 அட்டை, சிகிச்சைக் குறிப்பான எஸ்எஃப் 600, இழப்பு விபரம் எழுதிய டிஏ 1156 ஆகிய மூன்றின் பெயரையும் சொல்லிக் கேட்டால் பதில் தெளிவாக வரும்.

அடுத்தது சாட்சி. சம்பவத்தை நேரில் கண்ட இரண்டு பேராவது வேண்டும். காயப்பட்டவர் சொல்வது இந்தக் கணக்கில் சேராது. ‘அவர் நல்ல வீரர், காயப்பட்டதை நாங்கள் எல்லோரும் அறிவோம்’ என்று எழுதிய கடிதத்தால் ஒரு பயனும் இல்லை. சாட்சி தன் தரம், அலகு, தான் நின்ற இடம், கண்டது, காயம் உடலின் எந்தப் பகுதியில், யார் எங்கே தூக்கிச் சென்றார் என்று எழுத வேண்டும். ‘நான் பின்னால் வந்த வாகனத்தில் இருந்தேன். வெடித்தபின் அவரைக் கதவால் இழுத்து எடுத்தேன். வலது காலில் இரத்தம். எங்கள் மருத்துவர் கட்டுப்போட்டார்’ என்ற நான்கு வரி இரண்டு பக்கப் புகழுரையை விடப் பெறுமதியானது. இரண்டு சாட்சிகளின் கடிதமும் சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருந்தால் சந்தேகம் வரும். ஒருவர் எழுதியதை மற்றவருக்குக் காட்டாதீர்கள்.

இலங்கையில் இருந்து வாக்குமூலம் எழுதுகிறவர் அதற்காகக் கொழும்பிலுள்ள தூதரகத்துக்கு ஓடத் தேவையில்லை. அமெரிக்காவுக்கு வெளியே எழுதும் உறுதிமொழியை அந்நாட்டுச் சட்டம் நொத்தாரிசு இல்லாமலே ஏற்கும். ஆனால் முடிவில், மேலே கூறியவை உண்மையும் சரியும் என அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சட்டங்களின் கீழ், பொய்ச்சாட்சித் தண்டனைக்கு உட்பட்டு உறுதி கூறுவதாக ஆங்கிலத்தில் எழுதி, திகதியும் கையொப்பமும் இட வேண்டும். ‘அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சட்டங்களின் கீழ்’ என்ற பகுதி விடுபட்டால் வெளிநாட்டில் எழுதிய உறுதிமொழிக்கு அந்த வலு இல்லை.

எங்கள் பக்கத்தில் அதிகம் சிக்குவது பெயர்தான். தகப்பன் பெயர் முன்னால், தன் பெயர் பின்னால் என்பது எங்கள் வழக்கம். அமெரிக்கப் பதிவில் குடும்பப் பெயருக்கு ஒரு பெட்டி, சொந்தப் பெயருக்கு ஒரு பெட்டி. கடவுச்சீட்டில் எந்தப் பெயர் எந்தப் பக்கம் போனதோ அதுவே படைக் கோவையிலும் போயிருக்கும். சிலருக்குச் சொந்தப் பெயர் குடும்பப் பெயராகியிருக்கும். தாய் விண்ணப்பித்தால், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் உள்ள அவருடைய பெயரும் அவருடைய அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால், இரண்டு பெயரும் ஒரே ஆளையே குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக்கடதாசி முடித்து இணையுங்கள்.

பிறப்பு, மரணச் சான்றிதழ்களின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். யுத்தத்தில் பதிவேடு அழிந்து உத்தேச வயதுச் சான்றிதழ் மட்டும் வைத்திருப்பவர்கள் அதோடு பாடசாலை விடுகைப் பத்திரத்தையும் சத்தியக்கடதாசியையும் சேர்த்து அனுப்புங்கள். கிராம அலுவலரின் வதிவிடச் சான்று உறவுமுறைக்கு ஆதாரம் ஆகாது. தமிழ்ப் பத்திரங்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போது டிடி 214இன் கொப்பியையும் கொடுங்கள். ‘ச’வுக்கு ஒருவர் எஸ் மட்டும் போடுவார், இன்னொருவர் எஸ் எச் போடுவார், பதிவில் இருக்கும் எழுத்துக்கூட்டல் மொழிபெயர்ப்பிலும் வர வேண்டும். மொழிபெயர்ப்போடு தமிழ் மூலத்தின் பிரதியும் போக வேண்டும். கச்சேரியிலுள்ள கொன்சியூலர் அலுவலகத்தில் அத்தாட்சிப்படுத்தும்படி படிவம் கேட்கவில்லை. அதற்காக நாளை வீணாக்காதீர்கள்.

கடுதாசிகள் சேர்ந்தபின், தரைப்படையில் இருந்தவருக்கு முதலில் போகவேண்டிய இடம் கென்ரக்கியில் ஃபோர்ட் நொக்ஸிலுள்ள மனிதவளக் கட்டளையகத்தின் விருதுகள் பிரிவு. அங்கே கேட்காமல் நேரே சபைக்கு அனுப்பினால் பார்க்காமலே திரும்பி வரலாம். அவர்கள் மறுத்தால் அந்த மறுப்புக் கடிதத்தையும் சேர்த்து, டிடி 149 படிவத்தில் தரைப்படைப் பதிவுத் திருத்தச் சபைக்கு விண்ணப்பியுங்கள். கடற்படைக்கும் மரைன் படைக்கும் ஒரு சபை, விமானப்படைக்கு இன்னொன்று. முகவரிகள் படிவத்திலேயே உண்டு.

படிவத்தில் கோரிக்கையை ஒரே வாக்கியத்தில் வையுங்கள்: இன்ன திகதியில், இன்ன இடத்தில், எதிரியின் செயலால் பட்ட காயத்துக்காக டிடி 214இல் பேர்ப்பிள் ஹார்ட் சேர்க்க வேண்டும். காரணம் எழுதும் இடத்தில் கதை வேண்டாம். எதிரி, காயம், சிகிச்சை என்ற மூன்றுக்கும் எந்த இணைப்பு எதைக் காட்டுகிறது என்று இலக்கமிட்டு எழுதுங்கள். பிழையை அறிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி; கடந்திருந்தால், நீதியின் பொருட்டு ஏன் ஏற்க வேண்டும் என்று கேட்கும் பெட்டியை வெறுமையாக விடாதீர்கள். கோவை இவ்வளவு காலம் கைக்குக் கிடைக்கவில்லை, சாட்சி இப்போதுதான் அகப்பட்டார் என்று உள்ளதைத் திகதியோடு எழுதுங்கள். மூலப் பத்திரம் ஒன்றையும் அனுப்பாதீர்கள். சமூகப் பாதுகாப்பு இலக்கம் உள்ள தாளைத் தொலைத்தொடர்பு நிலையத்துக் கணினியில் ஸ்கான் செய்தால் கோப்பை அழித்துவிட்டு எழும்புங்கள். இணையத்தில் ஏற்றுவது தபாலை விட நல்லது. தபாலென்றால் பின்தொடரக்கூடிய சேவையில் அனுப்பி, உங்கள் முகவரியில் ஒழுங்கைப் பெயரோடு 40000 போன்ற தபால் குறியீட்டையும் எழுதுங்கள்.

சட்டப்படி விண்ணப்பங்களில் 90 வீதமானவை 10 மாதத்துக்குள் முடிய வேண்டும். எதுவும் 18 மாதத்தைத் தாண்டக்கூடாது. இடையில் சபை தான் கேட்டுப் பெற்ற ஆலோசனைக் கருத்து ஒன்றை உங்களுக்கு அனுப்பிப் பதில் கேட்கலாம். அதில் குறிப்பிட்ட நாளுக்குள் பதில் எழுதுங்கள். அந்தக் கருத்தில்தான் உங்கள் கோவையின் ஓட்டை எது என்று தெரியும்.

ஏற்றுக்கொண்டால் புதிய டிடி 214 வராது, திருத்தத்தைச் சொல்லும் டிடி 215 வரும். இரண்டையும் சேர்த்தே வையுங்கள். முன்னாள் படைவீரர் விவகாரத் திணைக்களத்துக்கும் பிரதி கொடுங்கள்: பேர்ப்பிள் ஹார்ட் பெற்றவர் மருத்துவ வசதியில் குறைந்தது மூன்றாம் முன்னுரிமைக் குழுவில் வருவார், 2001 செப்ரெம்பர் 11 அன்றோ அதன் பின்னோ நடந்த சேவைக்காக அதைப் பெற்று, கௌரவமாக விலகியவருக்கு 2018 ஓகஸ்ட் 1 முதல் கல்வி உதவி முழு 100 வீதமாகக் கிடைக்கும்.

மறுத்தால் மறுப்பின் காரணப் பகுதியை வரிவரியாக வாசியுங்கள். முன்பு காட்டாத புதிய ஆதாரம் கிடைத்தால் எத்தனை ஆண்டு கழித்தும் மீள்பரிசீலனை கேட்கலாம். பழைய கடுதாசிகளையே திரும்ப அனுப்பினால் எடுக்கமாட்டார்கள். சமஷ்டி நீதிமன்றத்துக்குப் போவதென்றால் ஆறு ஆண்டு எல்லை உண்டு, அதற்குமட்டும் அமெரிக்கச் சட்டத்தரணி ஒருவரைத் தேடுங்கள்.