அகல நிப் பேனாவில் ‘எஸ்’: நடு வளைவு நெளியாமல் எழுதும் முறை

லத்தீன் எழுத்துகளில் காலிகிராஃபி பழகுகிறவர்களுக்கு ஐ, என், ஓ எல்லாம் ஓரளவு கைக்கு வந்துவிடும். எஸ் மட்டும் வராது. வரி முழுக்க மற்ற எழுத்துகள் நிமிர்ந்து நிற்கும்போது இது ஒன்று குப்புற விழப்போவதுபோல் இருக்கும். அழகாக வளைக்க வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, நடுவில் வரும் சாய்ந்த இழுப்பை ஏறக்குறைய நேர்கோடாக இழுக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு இது நேராக நின்றது. இந்தப் பதிவில் பெரும்பகுதி அந்த ஒரு இழுப்புக்குத்தான்.

எழுதப்போவது ஃபவுண்டேஷனல் பாணி. 10ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் எழுதப்பட்ட ராம்சே சால்டர் என்ற சுவடியை (விவிலியத்தின் துதிப்பாடல்கள் கொண்டது) அடிப்படையாக வைத்து, பிரிட்டிஷ் காலிகிராஃபர் எட்வர்ட் ஜான்ஸ்டன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்தது. பேனாவை ஏறக்குறைய எல்லா எழுத்துக்கும் ஒரே கோணத்தில் பிடித்தால் போதும் என்பதால், தொடக்கக்காரர்களுக்கு நான் வேறு எதையும் சொல்வதில்லை. காத்திக் மாதிரியான மற்ற பாணிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பேனா, தாள், கோடு

பைலட் பேரலல் பேனா, 3.8 மி.மீ. அளவு. மையில் தோய்த்து எழுதும் நிப்புகள் அருமையானவைதான், ஆனால் ஆரம்பத்தில் பாதிக் கவனம் மை சொட்டுவதிலேயே போய்விடும். 1.5 மி.மீ. வேண்டாம், அவ்வளவு மெல்லிய நிப்பில் தடித்த இடத்துக்கும் மெலிந்த இடத்துக்கும் வித்தியாசம் தெரியாது, தப்பு எங்கே என்று கண்ணில் படாது. தாளில் மை பரவாமல் இருந்தால் சரி.

எழுத்தின் உயரம் நிப் அகலத்தைப்போல் 4 மடங்கு. 3.8 மி.மீ. நிப்புக்கு 15 மி.மீ. இடைவெளியில் இரண்டு கோடுகள் போடுங்கள். பெரிய எழுத்து எஸ் என்றால் 6 மடங்கு. அதில் அகலம் உயரத்தில் பாதிதான் இருக்க வேண்டும். எஸ் ஒல்லியான எழுத்து.

கோணத்தைச் சோதிப்பது

நிப்பின் விளிம்பு கோட்டுக்கு 30 பாகை சாய்வில் இருக்கட்டும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி: நிப்பைத் தாளில் வைத்து, அந்த விளிம்பு காட்டும் திசையிலேயே வலப்பக்கம் மேலே தள்ளுங்கள். மயிரிழைபோல் ஒரு கோடு வர வேண்டும். அந்தக் கோடு எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அதுதான் உங்கள் கோணம். இதே பிடியில் கிடைக்கோடு இழுத்தால் நிப் அகலத்தில் பாதித் தடிமன் வரும். வலப்பக்கம் கீழ்நோக்கிச் சரிவாக இழுத்தால் முழுத் தடிமனும் வரும். எஸ்ஸின் நடு இழுப்பு தடிமனாக இருப்பதற்குக் காரணம் இவ்வளவுதான், தனியாக அழுத்த வேண்டியதில்லை. இஸட்டின் சாய்வு எதிர்த்திசையில் ஓடுவதால் அங்கே இதே பிடியில் மெலிந்துபோகும். அந்த எழுத்துக்கு மட்டும் நிப்பைக் கிடையாகத் திருப்பிக்கொள்வார்கள்.

முதலில் கோணல்மாணலாக எழுதுங்கள்

எஸ்ஸின் மூதாதை பண்டைய ஃபினீசியர்களின் ‘ஷின்’ என்ற எழுத்து. மேலும் கீழுமாக மடிந்த கோடு, பார்க்க இன்றைய டபிள்யூ மாதிரி இருக்கும். கிரேக்கர்கள் அதைப் பக்கவாட்டில் நிமிர்த்தி சிக்மா ஆக்கினார்கள். இத்தாலியில் வாழ்ந்த பண்டைய எட்ரூஸ்கர்கள் வழியாக அது லத்தீனுக்கு வந்தது. பழைய லத்தீன் கல்வெட்டுகளில் எஸ் மூன்று நேர்கோடுகளாக, மின்னல் கீற்றுபோல இருப்பதைப் பார்க்கலாம். மூலைகள் மழுங்கி வளைந்தது பிறகுதான்.

அதனால் நாமும் அங்கிருந்தே தொடங்கலாம். மேலே ஒரு சின்னக் கோடு, நடுவில் இடமிருந்து வலமாக இறங்கும் சாய்வு, கீழே ஒரு சின்னக் கோடு. ஒரு வரி முழுக்க இப்படியே எழுதுங்கள். நடுச்சாய்வு இரண்டு மூலைகளையும் நேராக இணைக்கிறது, கவனித்தீர்களா? வளைந்த எஸ்ஸிலும் அது அப்படியே இருக்க வேண்டும். வளைவு இருப்பது மூலைகளில் மட்டும்.

மூன்று இழுப்புகள்

முதல் இழுப்பு நடுப்பகுதி. மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே நிப்பை வைத்து, மயிரிழையாக இடப்பக்கம் இறக்குங்கள். உடனே வலப்பக்கம் திரும்பி, சாய்வாக இறங்குங்கள். அடிக்கோட்டை நெருங்கும்போது மீண்டும் இடப்பக்கம் திரும்பி மயிரிழையில் முடியுங்கள். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். முதல் திருப்பத்தை அகலமாக எடுத்துவிடுவார்கள். அதை ஈடுகட்ட இரண்டாவதையும் அகலமாக எடுக்க, நடுச்சாய்வு படுத்துக்கொண்டு பாம்பாக நெளியும். திருப்பங்களைச் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு திருப்பங்களுக்கு நடுவே கையை நிறுத்தாமல் ஒரே வேகத்தில் இழுங்கள். மெதுவாகப் போனால் கை நடுங்கும், நடுக்கம் முழுத் தடிமன் கோட்டில் அப்பட்டமாகத் தெரியும்.

இன்னொன்று: திருப்பத்தில் விரல்கள் தாமாகவே பேனாவைச் சுழற்றும். கோடு திடீரென்று எல்லா இடத்திலும் ஒரே தடிமனாகத் தெரிந்தால் அதுதான் நடந்திருக்கிறது. விரலால் இழுக்காமல் மணிக்கட்டோடு சேர்த்துக் கையை நகர்த்துங்கள்.

இரண்டாவது இழுப்பு கீழ்ப்பகுதி. இடப்பக்கம் அடிக்கோட்டுக்குச் சற்று மேலிருந்து தொடங்கி, முதல் இழுப்பின் மயிரிழை முனையில் போய்ச் சேருங்கள். மூன்றாவது மேல்பகுதி. முதல் இழுப்பு தொடங்கிய இடத்திலிருந்து வலப்பக்கமாகச் சின்னதாக ஒன்று. இரண்டையுமே தட்டையாக வையுங்கள். முனையைச் சுருட்டினால் எட்டுபோல் ஆகிவிடும்.

மேல்வளைவு கீழ்வளைவைவிடக் கொஞ்சம் சின்னதாக இருக்க வேண்டும். இரண்டும் சமமாக இருந்தால் தலை கனத்தது மாதிரி கண்ணுக்குத் தெரியும். அச்சிட்ட ஏதாவது ஒரு எஸ்ஸைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், எவ்வளவு வித்தியாசம் வைத்திருக்கிறார்கள் என்று புரியும். அப்புறம், வளைவுகள் இரண்டு கோடுகளையும் ஒரு துளி தாண்டட்டும். கோட்டுக்குள்ளேயே நிறுத்தினால் பக்கத்து எழுத்தைவிடக் குள்ளமாகத் தெரியும்.

நீள எஸ்

இதே பேனாவில் இதையும் எழுதிப் பாருங்கள். எஸ்ஸின் பழைய வடிவம் ஒன்று (ſ), எனக்கு மிகவும் பிடித்தது. நேராக ஒரு செங்குத்து இழுப்பு, உச்சியில் வலப்பக்கம் வளையும் ஒரு குட்டி இழுப்பு. எஃப் என்று நினைக்காதீர்கள். எஃப்பில் குறுக்குக்கோடு இரண்டு பக்கமும் நீளும், இதில் சில அச்செழுத்துகளில் இடப்பக்கம் மட்டும் ஒரு சின்ன மூக்கு இருக்கும். பல நூற்றாண்டுகள் சொல்லின் தொடக்கத்திலும் நடுவிலும் பெரும்பாலும் நீள எஸ்ஸும், கடைசியில் இன்றைய சுருள் எஸ்ஸும் எழுதினார்கள். ஆங்கில அச்சில் 1800ஐ ஒட்டி மறைந்தது. லண்டன் டைம்ஸ் நாளிதழ் 1803இல் கைவிட்டது.

ஆனால் அடியோடு போய்விடவில்லை. கணிதத்தின் தொகையீட்டுக் குறி (இன்டெக்ரல், ∫) நீள எஸ்தான். ‘சும்மா’, அதாவது கூட்டுத்தொகை என்ற லத்தீன் சொல்லின் முதலெழுத்தாக 1675இல் கணித அறிஞர் லைப்னிட்ஸ் போட்டது. ஜெர்மன் மொழியின் ‘எஸ்ட்செட்’ (ß) எழுத்தின் இடப்பாதியும் இதுவே. அந்த எழுத்தின் பெரிய வடிவத்துக்கு ஜெர்மன் எழுத்துமுறை விதிகளில் 2017இல்தான் அதிகாரபூர்வமாக இடம் கிடைத்தது.

பின்சேர்க்கை: இடது கைப் பழக்கமுள்ளவர்களுக்கு

கருத்துப் பகுதியில் பலரும் கேட்டது இது. 30 பாகைக்கு மணிக்கட்டை மடக்கினால் கை வலிக்கும், மடக்காவிட்டால் நடுச்சாய்வு மெலிந்துபோகும். தாளை வலப்பக்கமாக நன்றாகச் சாய்த்து வைத்து, கை வரிக்குக் கீழே இருக்கும்படி எழுதிப் பாருங்கள். அதுவும் சரிப்படவில்லை என்றால் முனை சாய்வாக வெட்டிய இடது கை நிப்புகள் தனியாகக் கிடைக்கின்றன. பேரலலை விட்டுவிட்டு அதை வாங்குங்கள். மயிரிழைச் சோதனையில் 30 பாகை வந்த பிறகு எஸ்ஸுக்குப் போனால் போதும்.